கடற்கரைப் பூங்காவில் குடிதண்ணீர்: காலிமுகத்திடலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரம் ஐந்தரைக்கு மேல் கொழும்புக் கடற்கரையிலுள்ள காலிமுகத்திடலில் நடப்பவர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டி, கொட்டாஞ்சேனை என்று பல பக்கத்திலிருந்தும் வருகிறோம். என் உத்தியோக காலம் முழுக்கக் குழாய், வால்வு, தாங்கி என்றே கழிந்ததால், நடை முடிந்து கடற்சுவரில் உட்காரும்போது தண்ணீர் பற்றிய கேள்வியெல்லாம் என் தலையில்தான் விழும். கடற்கரைப் பூங்கா ஒன்றின் குடிநீர் வசதியைப் புதுப்பிப்பதென்றால் என்னென்ன செய்ய வேண்டும், எது வீண்செலவு என்று அவர்கள் கேட்டதையும் நான் சொன்னதையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்குக் காலிமுகத்திடல். மட்டக்குளிப் பக்கத்துக் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்காவுக்கும் கல்கிசைக்கும் இதே கதைதான்.

ஒரு குழாய் பூட்டுவதற்கு இவ்வளவு யோசனை எதற்கு?

பூட்ட அரை நாள் போதும். மூன்று வருடம் கழித்தும் அதைத் திறந்தால் நல்ல தண்ணீர் வர வேண்டுமே, அங்கேதான் சிக்கல். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலை அள்ளித் திடலின் மேல் வீசும். நடைபாதைக் கம்பியைத் தொட்டுவிட்டு விரலை நக்கிப் பாருங்கள், கரிக்கும். அந்த உப்புப் படலம் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் இரும்பு காயவே காயாது.

நான் வேலைக்குப் புதிதாக இருந்தபோது, வெள்ளவத்தையில் கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி மாடிவீடொன்றில் குடியிருந்தோம். மொட்டைமாடித் தாங்கியின் குழாய்களை இறுக்கியிருந்த கிளிப்புகள் இரண்டு மாரி காணுவதற்குள் துருவேறிப் பிளந்துவிட்டன. பூட்டியவர் "எவர்சில்வர் ஐயா, துருப்பிடிக்காது" என்று சொல்லித்தான் பூட்டினார். எந்த எவர்சில்வர் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அது பற்றிக் கீழே சொல்கிறேன்.

கொழும்புக் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். கொழும்புக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியது 1880களில், லபுகம நீர்த்தேக்கத்திலிருந்து. பிறகு கலட்டுவாவ சேர்ந்தது. இன்று நகரத்தின் பெரும்பங்குத் தண்ணீர் களனி கங்கையில் எடுத்து அம்பத்தளையில் சுத்திகரிக்கப்படுகிறது. கடும் வரட்சியில் ஆற்றின் ஓட்டம் குறையும்போது கடல்நீர் களனிக்குள் ஏறி வரும். அதைத் தடுக்க ஆற்றுக்குக் குறுக்கே மணல்மூட்டை அடுக்கிய காலமும் உண்டு. ஆக, உப்போடு மல்லுக்கட்டுவது கடற்கரையில் தொடங்குவதில்லை, தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614. நூறு மில்லிலீற்றரில் ஈ.கோலை பக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது. குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கிருமி கொல்வதற்காகப் போட்ட குளோரின் கொஞ்சமாவது மிச்சமாகக் குழாய் வாய்வரைக்கும் வந்து சேர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு, குழாயில் பிடிக்கும் இடத்தில் லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். "தண்ணீர் குளோரின் மணக்கிறதே" என்று முகம் சுளிப்பவர்களுக்கு நான் சொல்வது, அந்த மணம் இருந்தால் நிம்மதியாகக் குடியுங்கள் என்றுதான்.

அப்படியென்றால் பூங்காக் குழாயில் மட்டும் ஏன் துரு நிறம், உவர்ப்பு?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். கெடுவது கடைசி நூறு மீற்றரில். நீர்மானி வரைக்கும் உள்ள குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. நீர்மானி தாண்டினால் இடத்தை வைத்திருப்பவரின் பாடு. வீட்டில் ஒழுகினால் அம்மா சத்தம் போடுவார். பூங்காவில் புல்லுக்கடியில் ஒழுகினால் யார் சத்தம் போடுவது? அந்த இடத்தில் மட்டும் புல் பச்சைப் பசேலென்று இருக்கும், அவ்வளவுதான்.

தண்ணீர் வெளியே ஒழுகுவதால் காசுதான் நட்டம். உடம்புக்கு ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. குழாயில் அழுத்தம் விழும் நேரத்தில், நீர்வெட்டுப் போட்டாலோ பிரதான குழாய் எங்காவது வெடித்தாலோ, ஒழுகும் அதே துவாரத்தால் வெளித்தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படும். கடற்கரை மணலுக்கடியில் நிற்பது உப்புத் தண்ணீர். கடல்நீரில் குளோரைட்டு லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நல்ல தண்ணீரில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கடல்நீர் கலந்தாலே 250 என்ற எல்லை தாண்டிவிடும். உப்போடு நின்றால் பரவாயில்லை. பக்கத்தில் மலசலகூடக் குழாயும் ஓடுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது தேங்கல். 25 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாய் நூறு மீற்றர் ஓடினால் அதற்குள் ஏறக்குறைய 49 லீற்றர் நிற்கும். வார நாளில் மத்தியானம் முழுக்கத் திடலில் ஆளில்லை. வெயிலில் சூடேறி, குளோரின் தீர்ந்து போய் நிற்கும் அந்த 49 லீற்றரைத்தான் பின்னேரம் முதலில் ஓடி வருகிற பிள்ளை குடிக்கும். அதனால் புதுப்பிப்பு என்றால் என் பட்டியலில் முதலாவது வேலை, நிலத்துக்கடியில் கிடக்கும் பழைய குழாயைத் தோண்டி மாற்றுவது. கடைசிக் குழாயில் தினமும் பின்னேரம் ஆட்கள் வருமுன் தானாகத் திறந்து சில நிமிடம் தண்ணீரை வெளியேற்றும் வால்வு ஒன்றும் வேண்டும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாத வேலை, திறப்பு விழாவில் படம் எடுக்க உதவாது. பலர் அதைத் தள்ளிவிட்டுப் பளபளப்பான குழாயை மட்டும் பூட்டுவதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அங்கேயே ஒரு குழாய்க்கிணறு அடித்தால் என்ன?

வேண்டாம். கரையோர மணலில் நன்னீர், பாரமான உப்புநீரின் மேல் மெல்லிய ஆடைபோல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர்வரை நன்னீர் கிடைக்கும் என்பது பழைய சூத்திரம். அதையே திருப்பிப் பாருங்கள்: மோட்டர் போட்டு இறைத்து மேல்மட்டத்தை அரை மீற்றர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு இருபது மீற்றர் ஏறி வரத் துடிக்கும். திடலில் மேலே நிற்பதே கொஞ்சம்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே? யாழ்ப்பாணத்தில் செய்கிறார்களே?

கொட்டாஞ்சேனை நண்பருக்கு இந்தக் கேள்வியை விட மனமே இல்லை. உண்மைதான், வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் தரும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஆனால் யாழ்ப்பாணத்துக்கு வற்றாத ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லின் கிணற்றை நம்பித்தான் குடாநாடே இருந்தது, அந்தக் கிணறுகளும் பழுதாகிக்கொண்டு வந்தன. கடல்நீரிலிருந்து ஒரு கனமீற்றர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நான்கு அலகு மின்சாரம் வேண்டும், கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ளப் பேரழுத்தம் வேண்டும், கழிவாக வரும் கடும் உப்புநீரை விட இடமும் வேண்டும். களனித் தண்ணீர் காலி வீதிக்கடியில் ஓடும்போது ஒரு பூங்காவுக்காக அதைச் செய்வது, தென்னந்தோப்புக்குள் இருந்துகொண்டு தேங்காய்ப்பால் மா வாங்குவது மாதிரி.

சரி, தண்ணீரைச் சவ்வால் வடிக்கும் ஒரு ஆர்.ஓ. மெஷினாவது வைக்கலாமே?

வவுனியா, அனுராதபுரம் பக்கம் சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. நிலையங்கள் வந்தன. அங்கே கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையும் உப்பும் அப்படி. கொழும்பில் வருவது ஏற்கெனவே சுத்திகரித்த ஆற்றுத் தண்ணீர். அதை ஆர்.ஓ.வுக்குள் விட்டால் கரி வடிகட்டி முதலில் குளோரினைத்தான் பிடுங்கும். பாதுகாப்பில்லாத தண்ணீரை ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்துவிட்டு, சவ்வு மாற்ற மறந்தும் போவோம். உள்ளே வரும் தண்ணீரில் ஒரு பங்கைக் கழிவாக வேறு கொட்ட வேண்டும். துருவும் மணலும் நிற்க ஒரு வடிகட்டி, பயந்தால் குழாய் வாய்க்குப் பக்கத்தில் ஒரு புற ஊதாக் கதிர் விளக்கு. அதற்கு மேல் தேவையில்லை.

எந்தப் பொருளில் செய்ய வேண்டும்?

நிலத்துக்கடியில் கறுப்பு நிறத்தில் நீலக் கோடு போட்ட தடித்த பொலித்தீன் குழாய். உப்பு அதைத் தொடாது, மூட்டுகளைச் சூடாக்கி ஒட்டுவதால் ஒழுக இடமும் குறைவு. நாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. குழாயைக் கடற்கரை மண்ணில் புதைப்பது காசைப் புதைப்பது. வெள்ளை பீ.வீ.சீ. குழாய் மண்ணுக்குள் கிடக்கட்டும், வெளியே வெயிலில் விட்டால் சில வருடத்தில் வெளிறி முறுகிவிடும்.

மேலே தெரியும் பகுதிக்கு எவர்சில்வர்தான், ஆனால் 316 என்ற வகை. சமையலறைச் சட்டிக்கும் தொட்டிக்கும் போடுவது 304. 316 இல் இரண்டு, மூன்று வீதம் மொலிப்டினம் கலந்திருக்கும், உப்பின் குத்தலைத் தாங்குவது அதுதான். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, காந்தமும் உதவாது. கேள்விப்பத்திரத்திலேயே (டெண்டரிலேயே) எழுதி, ஆய்வுச் சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். என் கிளிப்புகளின் கதை இப்போது விளங்கியிருக்கும். 316 கூட வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவாவிட்டால் தேநீர்க் கறை மாதிரி மண்ணிறம் பூசிக்கொள்ளும்.

ஆணி, திருகு, வாசர் எல்லாம் அதே உலோகமாக இருக்க வேண்டும். எவர்சில்வர்த் தகட்டில் நாகம் பூசிய இரும்பாணி அடித்தால் உப்பு ஈரத்தில் அது பற்றரி மாதிரி வேலை செய்து ஆணியைத் தின்றுவிடும். பித்தளைக் குழாய் நல்லது, நீடிக்கும். ஆனால் காலையில் போய்ப் பார்த்தால் அங்கே இருக்காது, பழைய இரும்புக் கடையில் இருக்கும். அழுத்தினால் திறந்து தானே மூடும் குழாயை உள்ளிருந்து பூட்டும் வகையில் எடுப்பதே புத்தி. பாதி திறந்து விட்டுப் போன சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு எட்டு லீற்றர் விட்டால் ஒரு மணித்தியாலத்தில் 480 லீற்றர் போய்விடும்.

வெளிநாட்டுப் பூங்காக்களில் மேல்நோக்கிப் பீறிடும் குழாய் இருக்கிறதே, அது நல்லதா?

எனக்குப் பிடிக்காது. குனிந்து வாய் வைத்துக் குடிக்கும் பழக்கம் நமக்கில்லை. செம்பைத் தூக்கி அண்ணாந்து குடித்த சனம் நாம், இல்லாவிட்டால் கையைக் குவித்து ஏந்துவோம். பீறிடும் குழாயை வைத்தால் பெரியவர்கள் தொடமாட்டார்கள், பிள்ளைகள் வாயை ஒட்டி வைப்பார்கள், காகம் மூக்கைக் கழுவும். காலிமுகத்திடல் காகங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீழ்நோக்கி விழும் குழாயும் அதன் கீழ் போத்தல் நிற்க இடமும் போதும். குழாய் வாயைச் சுற்றி ஒரு கவசம், வாய்க்கும் தொட்டிக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அந்த இடைவெளி அழகுக்கில்லை. தொட்டி நிரம்பினாலும் அழுக்குத் தண்ணீர் திரும்பிக் குழாய்க்குள் ஏறாமல் காப்பது அதுதான்.

உயரம் இரண்டு வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவர் முழங்கால் நுழையும்படி அடியில் வெளியாக, குழாய் வாய் தொண்ணூறு சென்ரிமீற்றருக்குள். சின்னப் பிள்ளைக்கு அதற்கும் கீழே ஒன்று. பொதுவிடங்களில் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 முதல் இருக்கின்றன. ஆனால் குழாயடிக்குப் போக ஒரு படி ஏற வேண்டுமென்றால் மற்ற அளவெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

குடிக்கும் குழாயில் கால் கழுவுகிறார்களே, எப்படித் தடுப்பது?

தடுக்க முடியாது, பக்கத்தில் கால் கழுவ வேறு குழாய் வையுங்கள். கடலில் நனைந்து மணலோடு வருபவர் எங்கேதான் கழுவுவார்? முழங்கால் உயரத்தில் ஒரு குழாய், கீழே மணல் படியும் குழி. குழியை வாரம் ஒருமுறை அள்ளாவிட்டால் வடிகால் அடைத்துத் தண்ணீர் தேங்கும், பிறகு டெங்கு. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தெளிந்த தண்ணீர் ஒரு சிரட்டை அளவு இருந்தாலே அதற்குக் காணும். கொழும்பில் குழாயடி கட்டும் எவரும் தண்ணீர் வரும் வழிக்கு முன்னால் போகும் வழியை வரைய வேண்டும்.

தாங்கி தேவையா? குளிர்ந்த தண்ணீர் தரலாமா?

நேரடி அழுத்தம் போதுமென்றால் தாங்கி வேண்டாம். வெயிலில் நிற்கும் தாங்கியில் குளோரின் சீக்கிரம் போய்விடும். வேண்டியே ஆக வேண்டுமென்றால் சிறியதாக, நிழலில், வலை போட்ட மூடியோடு வைத்து ஆறு மாதத்துக்கொருமுறை கழுவ வேண்டும். குளிரூட்டும் மெஷினின் செம்புச் சுருளையும் அலுமினியத் தகட்டையும் உப்புக்காற்று முதலில் தின்னும். ஈரத் தரையில் மின்சாரம் வேறு. மின்சாரம் கசிந்தால் தானே அணையும் ட்ரிப் சுவிட்ச் இல்லாமல் நினைத்தும் பார்க்க வேண்டாம். குழாயை ஆழமாகப் புதைத்து, மேலே ஒரு கூரை போட்டால் தண்ணீர் அவ்வளவு சுடாது.

இலவசத் தண்ணீர் வந்தால் போத்தல் விற்பவர்களின் வயிற்றில் அடிப்பதாகாதா?

நியாயமான கேள்வி, நான் கொஞ்சம் தடுமாறிய கேள்வியும்கூட. 2025 ஏப்ரலில் அரசாங்கம் வைத்த உச்ச விலைப்படி அரை லீற்றர்ப் போத்தல் 70 ரூபாய், ஒரு லீற்றர் 100 ரூபாய். குழாய்த் தண்ணீர் ஒரு அலகு என்பது ஆயிரம் லீற்றர், அதாவது இரண்டாயிரம் அரை லீற்றர்ப் போத்தல். போத்தல் விலையில் அது 1,40,000 ரூபாய். நீர்க் கட்டணம் அதற்குப் பக்கத்திலும் வராது. மாத்தளையிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ கடல் காட்டப் பிள்ளைகளைக் கூட்டி வரும் குடும்பத்துக்கு ஆளுக்கொரு போத்தல் என்றால் வடைக்கு வைத்திருந்த காசு போய்விடும்.

அதற்காக வண்டிக்காரரை எதிரியாக்க வேண்டியதில்லை. இறால் வடையும் அன்னாசித் துண்டும் விற்பவருக்குக் கை கழுவ, பாத்திரம் அலச, கத்தி கழுவத் தண்ணீர் வேண்டும். அது இல்லாமல் கலனில் சுமந்து வந்து ஒரே வாளியில் இரவு முழுக்க முக்கி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். கடை வரிசைக்கென்று தனிக் குழாயும் சிறிய நீர்மானியும் கொடுத்தால் தண்ணீர்ப் போத்தலில் இழக்கும் காசைச் சுத்தமான வடையில் எடுத்துவிடுவார்கள் என்பது என் கணிப்பு. வண்டிக்காரர் ஒருவர் அதைக் கேட்டுச் சிரித்தார், ஒத்துக்கொள்ளவில்லை.

தோண்டுவதற்கு யாரிடம் அனுமதி?

உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி அதற்குள் அபிவிருத்தி வேலைக்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். இணைப்புக்கு நீர் வழங்கல் சபை, கழிவுநீர்க் குழாயில் சேர்ப்பதென்றால் மாநகர சபை. மழைக்கு முன் முடிக்க நினைப்பவர் இந்தக் கடிதங்களை ஆறு மாதம் முன்னால் எழுதட்டும்.

கட்டி முடித்த பிறகு யார் பார்ப்பது?

திடலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வாட் இந்த நடைபாதையை 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்தார் என்றும், கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தமக்குப் பின் வருபவர்களின் கவனிப்புக்கு இதை ஒப்படைக்கிறார் என்றும் அதில் பொறித்திருக்கும். கட்டியவருக்கே தெரிந்திருக்கிறது, கட்டுவதோடு வேலை முடியாதென்று. எந்தக் குழாயடிக்கும் பின்னால் வருபவரின் பெயரை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்: வால்வு தினமும் திறந்து ஓடுகிறதா என்று பார்ப்பவர் யார், வாரம் ஒருமுறை கழுவி மணலள்ளுபவர் யார், மாதம் ஒருமுறை குளோரின் பார்ப்பவர் யார். குளோரின் பார்ப்பது பெரிய வித்தையில்லை. சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து ஒரு மாத்திரை போட்டால் இளஞ்சிவப்பாகும், நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டியதுதான். உதிரிப் பாகங்களுக்கு வருடாந்தம் ஒரு சின்னத் தொகை. வாசர் ஒன்று தேய்ந்ததற்காகக் குழாயைச் சாக்குக் கட்டி மூடிவைத்ததை நான் கண்டது ஒரு இடத்தில் மட்டுமில்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கல்லைக் காட்டுகிறீர்களே, நம்மிடம் இல்லையா என்று வெள்ளவத்தை அக்கா கேட்டார். ஏன் இல்லை? ஆடிவேல் தேர் காலி வீதியால் வரும்போது தாகசாந்தி, வெசாக்குக்குச் சிங்களவர்களின் தன்சல் என்ற இலவசப் பந்தல். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வார்க்கிறவர்கள் வருடத்தில் ஒரு நாள் வருகிறார்கள். மற்ற 364 நாளுக்கும் ஆள் தேட வேண்டியிருப்பதுதான் பிரச்சினை.

அறிவிப்புப் பலகையில் என்ன எழுத வேண்டும்?

மூன்று மொழியிலும் இரண்டே வரி: இது குடிக்க, அது கால் கழுவ. எழுத்தோடு படமும். கடைசியாகத் தண்ணீரைப் பரிசோதித்த திகதி. பழுது சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம், குழாய்க்கு ஒரு எண். அப்புறம், தமிழை எழுதத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள். கொழும்புப் பலகைகளில் நம் மொழி படும் பாட்டை இங்கே விரித்தால் பக்கம் போதாது.

இதெல்லாம் நடக்கும்போது நடக்கட்டும். நாளைக்குத் திடலுக்குப் போனால் நான் என்ன செய்ய?

வீட்டிலிருந்து போத்தலில் தண்ணீர் கொண்டு போங்கள். அங்கே குழாய் கண்டால் முதல் தண்ணீரைப் போத்தலில் பிடித்துப் புல்லுக்கு ஊற்றுங்கள், பிறகு குடிக்கப் பிடியுங்கள். மண்ணிறமாக வந்தாலோ கரித்தாலோ குடிக்க வேண்டாம். திடலுக்குள்ளே என்றால் அங்குள்ள காவலாளியிடம் சொல்லுங்கள், வீதியில் குழாய் வெடித்திருந்தால் நீர் வழங்கல் சபையின் 1939 க்கு அழையுங்கள். நாங்கள் கொடிக்கம்பத்துப் பக்கம்தான் உட்கார்ந்திருப்போம்.